அக்டோபர்ஃபெஸ்ட்: உலகின் மிகப் பெரிய பீர் திருவிழா யாருடைய கல்யாண விருந்து?

மூவாருக்கு இன்னொரு பெயர் உண்டு. பண்டார் மகாராணி. 1880-களில் ஆற்று முகத்துவாரத்தில் இந்தப் பட்டணம் எழுந்தபோது, ஜோகூரை ஆண்ட அபு பாக்கார் தன் துணைவியார் உங்கு மகாராணி பாத்திமாவின் பெயரால் வைத்த பெயர் அது. 2012-ல் மூவார் அரச நகராக அறிவிக்கப்பட்டபோதும் அந்தப் பெயர்தான் முன்னால் வந்தது. ஆனால் காலைப் பசியாறலுக்கே சாத்தே கேட்கும் நம்ம ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அந்த மகாராணி யார் என்று தெரியும்? உண்மையைச் சொன்னால், இந்த ஊர்ப் பெண்ணான எனக்கே பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் தெரியாது. பெயர் பலகையில் இருக்கும், ஆள் மட்டும் மறந்து போயிருப்பார்.

இதே மாதிரி ஒரு கதை ஜெர்மனியிலும் இருக்கிறது. அங்கே கொஞ்சம் பெரிய அளவில்.

மியூனிக் நகரில் சுமார் 42 ஹெக்டர் பரப்புள்ள ஒரு வெட்டவெளி உண்டு. செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் முடிகிற அந்த இரண்டு வாரத்தில் மட்டும் 60, 70 லட்சம் பேர் அங்கே வந்து போவார்கள். சுமார் 70 லட்சம் லிட்டர் பீர் காலியாகும். அக்டோபர்ஃபெஸ்ட் என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். கோலாலம்பூர் ஹோட்டல்களில் அந்த மாதங்களில் நீலமும் வெள்ளையுமாகத் தொங்கும் தோரணங்கள் எல்லாம் இதன் நகல்.

அந்த வெட்டவெளியின் பெயர் தெரேஸியன்வீஸே. தெரேஸாவின் புல்வெளி என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்கள் சுருக்கி 'வீஸ்ன்' என்பார்கள். சுருக்கியதில் தெரேஸாவையே விட்டுவிட்டார்கள்.

யார் இந்தத் தெரேஸா? அந்தத் திருவிழாவே அவருடைய கல்யாணத்துக்காகத்தான் ஆரம்பித்தது. 44 வருடம் கழித்து அவர் இறந்ததும் ஓர் அக்டோபர் மாதத்தில்தான். அந்த வருடம் திருவிழா நடக்கவில்லை.

(ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து மதுபானம் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கதைக்கு வயது வரம்பு கிடையாது.)

கடனில் இருந்த அரண்மனை

தெரேஸா 1792 ஜூலை 8-ஆம் தேதி பிறந்தார். அப்பா ஃபிரடரிக், ஸாக்ஸ்-ஹில்ட்பர்க்ஹவுஸன் என்ற குட்டி நாட்டின் டியூக். இன்றைய ஜெர்மனி அன்றைக்கு ஒரே நாடாக இல்லை. இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்தது. சில துண்டுகள் நம்ம ஊர் ஒரு மாவட்டத்தின் அளவுகூட இருக்காது. ஹில்ட்பர்க்ஹவுஸன் அப்படி ஒன்று. பட்டம் பெரிது, கஜானா சிறிது. தாத்தா காலத்திலேயே கடன் முற்றிப்போய், பேரரசின் ஆணைக்குழு வந்து கணக்கு வழக்குகளை எடுத்துக்கொண்ட குடும்பம் அது.

ஆனால் சம்பந்தங்கள் பெரிய இடத்தில் இருந்தன. அம்மா ஷார்லட்டின் கூடப்பிறந்த தங்கை லூயிஸே, பிரஷ்யாவின் ராணி. நெப்போலியனை நேருக்கு நேர் சந்தித்துத் தன் நாட்டுக்காக வாதாடியவர் என்று ஜெர்மானியர்கள் இன்றும் கொண்டாடும் ராணி. அந்தச் சித்தி 1810 ஜூலையில் இறந்துபோனார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், மூன்றே மாதத்தில் தெரேஸாவுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை லூட்விக், பவேரியாவின் பட்டத்து இளவரசர். 1786-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தவர். பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயிதான் அவருக்கு ஞானத்தந்தை; பெயரும் அவரிடமிருந்து வந்ததே. காது கொஞ்சம் மந்தம், கோபம் அதிகம், கவிதை எழுதுவார், கிரேக்கச் சிலைகள் என்றால் உயிர்.

இந்தச் சம்பந்தம் எப்படி அமைந்தது என்பதற்கு நெப்போலியனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பவேரியாவை 1806-ல் தனி ராஜ்யமாக உயர்த்தியது அவர்தான். அதற்கு விலையும் கேட்டார். லூட்விக்கின் தங்கை அகஸ்டாவை நெப்போலியனின் வளர்ப்பு மகனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்தது தன் முறைதான் என்று லூட்விக்குக்குப் புரிந்தது. நெப்போலியனை அவருக்கு அறவே பிடிக்காது. அந்தப் பக்கத்திலிருந்து பெண் வருவதற்குள் தானே ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினார். 1809 டிசம்பரில் ஹில்ட்பர்க்ஹவுஸனுக்குப் போனார். அங்கே அக்கா தெரேஸா, தங்கை லூயிஸே என்று இரண்டு பெண்கள். லூட்விக் அக்காவைத் தேர்ந்தெடுத்தார். 1810 பிப்ரவரியில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு 17 வயது.

நம்ம வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டில் ஒன்றைக் காட்டி முடிவு செய்வது எத்தனையோ தோட்ட வீடுகளில் நடந்ததுதான். வித்தியாசம், இங்கே பின்னால் நின்றவர் தரகர் இல்லை, ஐரோப்பாவையே கையில் வைத்திருந்த ஒரு சக்கரவர்த்தி.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மாப்பிள்ளை வீடு கத்தோலிக்கம், பெண் லூத்தரன். தெரேஸா மதம் மாறவில்லை. கடைசி வரைக்கும் மாறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் திரும்ப வரும்.

ஐந்து நாள் கல்யாணம்

1810 அக்டோபர் 12, மியூனிக்கில் கல்யாணம். பவேரியா ராஜ்யமாகி நாலு வருடம்தான் ஆகியிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஊர்கள், புதிதாகச் சேர்ந்த மக்கள். பலருக்குத் தங்களைப் பவேரியர்கள் என்று நினைத்துக்கொள்ளவே பழக்கமில்லை. அவர்களை எல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைக்க ஓர் அரச கல்யாணத்தைவிட நல்ல சாக்கு ஏது?

அதனால் நகர மக்கள் எல்லோருக்கும் இலவச விருந்து. அந்தக் கால ஆட்கள் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: 32,000-க்கும் மேல் ரொட்டி, கிட்டத்தட்ட 4,000 பவுண்ட் சுவிஸ் சீஸ், நாலு டன்னை ஒட்டி வறுத்த ஆட்டுக்கறி, 8,000-க்கும் மேல் தடித்த சாசேஜ், 13,000 ஜோடிக்கும் மேல் புகைபோட்ட சாசேஜ். குடிக்க சுமார் 23,000 லிட்டர் பீர், அதோடு கொஞ்சம் ஆஸ்திரிய வெள்ளை வைன். நம்ம ஊர் கிடா வெட்டைப் பார்த்தவர்களுக்கே இந்த ஆட்டுக்கறிக் கணக்கு கொஞ்சம் தலை சுற்ற வைக்கும்.

கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் இன்று அக்டோபர்ஃபெஸ்ட் என்றதும் நினைவுக்கு வரும் வறுத்த முழுக்கோழி இல்லை. வெள்ளை சாசேஜும் இல்லை. இருக்க முடியாது. மியூனிக் வெள்ளை சாசேஜ் 1857-ல்தான் பிறந்தது என்பது அந்த ஊர் வழக்கு. அப்படிப் பார்த்தால் தெரேஸா அதைச் சாப்பிட்டதே இல்லை. முழு மாட்டை வறுக்கும் கூடாரம் 1881-ல் வந்தது. பெரிய பெரிய பீர் கூடாரங்கள் 1896-ல். கம்பியில் குத்திக் கரியில் சுடும் மீன் ஒன்று உண்டு; நம்ம இக்கான் பாக்காருக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். அதுவும் பிறகு வந்த சமாச்சாரம்தான். 'பாரம்பரிய ஜெர்மன் உணவு' என்று இன்று தட்டில் வருவதில் பாதிக்கு அந்தக் கல்யாணத்தைவிட வயது குறைவு.

விருந்து முடிந்து, அக்டோபர் 17-ஆம் தேதி நகர வாசலுக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம். யோசனை சொன்னவர்கள் குதிரைப் படையோடு சம்பந்தப்பட்டவர்கள். சுமார் 40,000 பேர் பார்த்தார்கள். அன்றைய மியூனிக்கின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். பவேரியாவின் பல பகுதிகளின் உடையணிந்து 16 ஜோடிக் குழந்தைகள் ஊர்வலமாக வந்து மணமக்களுக்கு மரியாதை செய்தார்கள். மேட்டில் சிலர் பீரும் சாப்பாடும் விற்றார்கள், ஆனால் அன்றைக்கு அதைப் பார்க்க யாரும் வரவில்லை. ஓடிய குதிரைகளைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

கல்யாணப் பெண்ணைக் கௌரவிக்கும் விதமாகப் புல்வெளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அடுத்த வருடமும் பந்தயம் வேண்டும் என்று முடிவானது. 1811-ல் விவசாயக் கண்காட்சி சேர்ந்தது. 1819-ல் நகர நிர்வாகம் பொறுப்பேற்றது. பிறகு ஊஞ்சல், ராட்டினம், கடைகள். குதிரைகள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. 2010-ல் 200 ஆண்டு நிறைவுக்காக மட்டும் மறுபடி ஓடவிட்டார்கள். அக்டோபர் குளிருக்குப் பயந்து திருவிழாவையே செப்டம்பருக்கு இழுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் அக்டோபரிலேயே நிற்கிறது.

பீர் ஏன் அக்டோபரில்?

இங்கே கொஞ்சம் பீர் பாடம். பழைய பவேரியாவில் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சத் தடை. 1553-லிருந்து செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். காரணம் ரொம்ப எளிது: ஃபிரிட்ஜ் கிடையாது. வெயிலில் பீர் கெட்டுவிடும், அடுப்புத் தீயால் ஊரும் பற்றிக்கொள்ளும். அதனால் மார்ச் மாதத்தில் கொஞ்சம் கெட்டியான பீராகக் காய்ச்சி நிலவறையில் வைப்பார்கள். மார்ச்சில் காய்ச்சுவதால் அதற்கு 'மெர்ட்ஸன்' என்றே பெயர். கோடை முடிந்து அக்டோபர் வரும்போது, புதிதாகக் காய்ச்சுவதற்கு முன் பீப்பாய்களைக் காலி செய்ய வேண்டும். தெரேஸாவின் கல்யாணம் சரியாக அந்த நேரத்தில் வந்து விழுந்தது.

நிலவறை குளிர்ச்சியாக இருக்க மேலே மரம் நட்டார்கள். மர நிழலில் பெஞ்சு போட்டு விற்றார்கள். நகரத்துச் சாப்பாட்டுக்கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1812-ல் ராஜா, அதாவது தெரேஸாவின் மாமனார், ஒரு நாட்டாமைத் தீர்ப்பு சொன்னார்: பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு சாப்பாடு விற்கக்கூடாது. வருகிறவர்கள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவர ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் மியூனிக்கின் பழைய பாணி பீர் தோட்டங்களில் உங்கள் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோய்ச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாசி லெமாக் பொட்டலத்தோடு போனாலும் சரிதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பது பிள்ளைகள், ஒரு கிரீடம்

கல்யாணத்துக்குப் பிறகு இளவரசரும் தெரேஸாவும் மியூனிக்கில் அதிக நாள் இருக்கவில்லை. இன்ஸ்ப்ரூக், சால்ஸ்பர்க், பிறகு வூர்ட்ஸ்பர்க் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1811-ல் மூத்த மகன் மாக்ஸிமிலியன். 1828 வரைக்குமாக மொத்தம் ஒன்பது பிள்ளைகள். ஒரு பெண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. இரண்டாவது மகன் ஓட்டோ 1832-ல், 17 வயதில், புதிதாக விடுதலை பெற்ற கிரீஸ் நாட்டுக்கு ராஜாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த தாய்மாரில் தெரேஸாவும் ஒருவர்.

1825-ல் லூட்விக் ராஜா, தெரேஸா ராணி. லூட்விக் கட்டத் தொடங்கினார். இன்று மியூனிக்கில் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பெரிய கட்டடங்களில் பல அவர் காலத்தவை. தெரேஸா விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் உதவும் வேலைகளில் இறங்கினார். மக்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. 1835-ல் வெள்ளி விழாக் கல்யாண நாள் வந்தபோது, அதே புல்வெளித் திருவிழாவில் ஒரு பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். இன்று அக்டோபர்ஃபெஸ்ட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் பாரம்பரிய உடையில் நடந்து போகும் ஊர்வலத்துக்கு மூலம் அதுதான்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. லூட்விக்குக்கு வேறு பெண்களோடு பழக்கம் இருந்தது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அழகிகள் என்று தான் நினைத்த பெண்களை ஓவியர் ஸ்டீலரைக் கொண்டு வரைய வைத்தார். 36 ஓவியங்கள். இளவரசிகளும் உண்டு, செருப்புத் தைப்பவர் மகளும் உண்டு. இன்று நிம்ஃபன்பர்க் அரண்மனையில் மாட்டியிருக்கிறார்கள். அந்த 36 பேரில் ராஜாவின் மகள் ஒருத்தி இருக்கிறார். மனைவி இல்லை.

தெரேஸா இதை வாய் மூடிப் பொறுத்துக்கொண்டார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது முழு உண்மை இல்லை. 1831-ல் கணவரின் ஓர் உறவைப் பிடிக்காமல் ஊரைவிட்டே வெளியே போய்விட்டார். அன்றைய அரண்மனை மொழியில் அது ஒரு பெரிய சத்தம்.

மகளின் கல்யாண நாளில் பீர் கலவரம்

1844 மே 1. தெரேஸாவின் மகள் ஹில்டகார்டுக்கும் ஆஸ்திரிய இளவரசர் ஆல்பிரெக்ட்டுக்கும் மியூனிக்கில் கல்யாணம். 34 வருடத்துக்கு முன் தாயின் கல்யாணத்தில் பீரும் ரொட்டியும் இலவசமாக ஓடிய அதே நகரம்.

இந்தத் தடவை பீர் விலை ஏறியிருந்தது. அன்றைய தொழிலாளிக்குப் பீர் என்பது குடிவகை மட்டும் இல்லை, சாப்பாட்டில் ஒரு பாகம். விலை ஏறினால் அரிசி விலை ஏறிய மாதிரி. குடிக்க வந்தவர்கள் புது விலையைக் கேட்டதும் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ்காரர்களுக்கு அடி விழுந்தது. ராணுவத்தைக் கூப்பிட்டால் சிப்பாய்கள் தயங்கினார்கள். அவர்களும் அதே பீரைத்தானே குடிக்கிறார்கள்! மே 5 வரைக்கும் நீடித்த கலவரம், ராஜா விலையை 10 விழுக்காடு குறைத்த பிறகுதான் அடங்கியது.

தாயின் கல்யாணம் ஒரு திருவிழாவைக் கொடுத்தது, மகளின் கல்யாணம் ஒரு கலவரத்தை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வரும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச்.நாதன் போன்றவர்கள் முன்னால் நின்ற போராட்டம். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் சம்பளம் எங்களுக்கும் வேண்டும், துரையைப் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லாதே என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில. இன்னொன்று, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு. மியூனிக் தொழிலாளி பீர் மலிவாக வேண்டும் என்று தெருவில் இறங்கினார். கிள்ளான் தொழிலாளி கள்ளே வேண்டாம் என்று இறங்கினார். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது ஒன்றுதான்: அந்தக் குடியில் யாரோ பணம் பார்க்கிறார்கள். பவேரியாவில் அது வரியாகக் கஜானாவுக்குப் போனது. இங்கே சம்பள நாளன்று தொழிலாளி கைக்கு வந்த காசு, தோட்ட எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போனது. எங்கள் பாட்டி அந்தக் கடையின் பெயரைக்கூட வீட்டில் சொல்ல விடமாட்டார். அக்டோபர்ஃபெஸ்ட் தோரணங்களைப் பார்த்து நம்ம பெரியவர்கள் முகம் சுளித்தால், அதைப் பழமைவாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சரி, மியூனிக்குக்குத் திரும்புவோம்.

லோலா வந்தார்

1846 அக்டோபரில் (ஆமாம், மறுபடியும் அக்டோபர்) லோலா மொண்டேஸ் என்ற நடனக்காரி மியூனிக்குக்கு வந்தார். ஸ்பெயின்காரி என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அயர்லாந்தில் பிறந்த எலைசா கில்பர்ட். இந்தியாவுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு: சிப்பாய் அதிகாரியான அப்பாவோடு குழந்தையாக இந்தியா போனவர், போன கொஞ்ச நாளிலேயே அப்பாவைக் காலராவுக்குக் கொடுத்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் லெப்டினன்ட் ஒருவரைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அங்கே போய் வந்தவர்.

60 வயது ராஜா அவரிடம் மயங்கினார். 36 ஓவியங்களில் லோலாவும் ஒருவர் ஆனார். எதிர்த்த மந்திரிகள் பதவி இழந்தார்கள். 1847-ல் தன் பிறந்த நாளன்று லூட்விக் அவருக்குக் கோமாட்டிப் பட்டம் கொடுத்தார். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1848 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தையே மூடச் சொன்னார் ராஜா, ஊர் கொதித்தது, லோலா தப்பி ஓடினார்.

இந்தக் கதையை எல்லோரும் லோலாவின் கதையாகத்தான் சொல்வார்கள். படங்கள் வந்திருக்கின்றன, நாவல்கள் வந்திருக்கின்றன. நான் தெரேஸா பக்கம் நின்று பார்க்கச் சொல்கிறேன். 55 வயதுப் பெண். ஒன்பது பிள்ளை பெற்றவர். ஒரு பெண்களுக்கான விருதே அவர் பெயரில் இருந்தது. லோலாவை அவர் ஏற்கவில்லை, சமமாக உட்கார வைக்கவும் இல்லை. அதற்காக ஊர் ராணியின் பக்கம் நின்றது. ஆனால் ஊர் பக்கம் நிற்பதும், கணவர் பக்கத்தில் நிற்பதும் ஒன்றில்லையே.

அந்த வருடம் ஐரோப்பா முழுக்கப் புரட்சி அலை. பாரிசில் ராஜா விழுந்தார். 1848 மார்ச் 20-ஆம் தேதி லூட்விக் மகன் மாக்ஸிமிலியனுக்காக அரியணையை விட்டு இறங்கினார். தெரேஸாவின் கிரீடமும் கூடவே போனது. லோலாவுக்கு ஆட்டம் போட ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று உலகம் இருந்தது. தெரேஸா அதே ஊரில், அதே மனிதரோடு மிச்ச வாழ்க்கையை வாழ்ந்தார்.

1850-ல் புல்வெளியைப் பார்த்த மேட்டில் ஒரு பிரம்மாண்டமான வெண்கலப் பெண் சிலையைத் திறந்தார்கள். பீடத்தை விட்டுவிட்டே 18 மீட்டருக்கு மேல் உயரம். பதவி போன பிறகும் லூட்விக் கைக்காசைப் போட்டு முடித்த வேலை. இன்று அக்டோபர்ஃபெஸ்ட் படங்களில் பின்னணியில் தெரிவது அந்தச் சிலைதான். பல பேர் அதைத் தெரேஸா என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அது பவேரியா என்ற நாட்டின் உருவகம்.

1854

1854 கோடையில் மியூனிக் ஒரு பெரிய தொழில் கண்காட்சிக்காகக் கண்ணாடி மாளிகை கட்டியிருந்தது. ஊரெங்கும் வெளியூர்க்காரர்கள். அந்த நேரத்தில் காலரா வந்தது.

கங்கைக் கழிமுகத்திலிருந்து 1817-க்குப் பிறகு கப்பல் வழியாகவும் படைகள் வழியாகவும் உலகம் முழுக்கப் பரவிய நோய் அது. தண்ணீரில் வருகிறதா, காற்றில் வருகிறதா என்று அப்போது யாருக்கும் நிச்சயமில்லை. அதே 1854-ல்தான் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் ஒரு தெருக் குழாயைக் காட்டி, நோய் இங்கிருந்துதான் வருகிறது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். மியூனிக்கில் சில மாதங்களில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று அந்த வருட அக்டோபர்ஃபெஸ்ட்டை ரத்து செய்தார்கள். கோவிட் காலத்தில் 2020, 2021 என்று இரண்டு வருடம் திருவிழா நின்றபோது, ஜெர்மன் பத்திரிகைகள் தேடி எடுத்த பழைய உதாரணங்களில் இது முக்கியமானது.

காலரா அரண்மனை வாசலில் நிற்கவில்லை. அக்டோபர் 26-ஆம் தேதி தெரேஸா இறந்தார். வயது 62. அவருடைய 44-ஆவது கல்யாண நாள் முடிந்து இரண்டே வாரம். அவர் பெயர் கொண்ட புல்வெளி அந்த அக்டோபரில் வெறுமையாகக் கிடந்தது.

லூட்விக் இன்னும் 13 வருடம் வாழ்ந்து, 1868-ல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார். அவர் தனக்காக மியூனிக்கில் ஒரு தேவாலயத்தையே கட்டியிருந்தார், புனித போனிஃபாஸ். அங்கேதான் அடக்கம். ஆனால் அது கத்தோலிக்க மடத்துத் தேவாலயம். மதம் மாறாத தெரேஸாவுக்கு அவர் அருகே இடமில்லை. அரச குடும்பத்தினரை வைக்கும் தியாட்டினர் தேவாலய நிலவறையில்தான் அவரை முதலில் வைத்தார்கள்.

பவேரியாவில் ராஜாக்கள் இல்லாமல் போனார்கள். அவர்களுடைய பேரன் இரண்டாம் லூட்விக் கட்டிய நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, டிஸ்னி படம் பார்த்த குழந்தைகளுக்கெல்லாம் கனவுக் கோட்டை ஆனது. புல்வெளியில் கூடாரங்கள் பெருத்தன, பீர்க்கோப்பை ஒரு லிட்டர் ஆனது, நிலத்தடி ரயில் நிலையத்துக்கும் தெரேஸியன்வீஸே என்றே பெயர் வைத்தார்கள்.

2002-ல், இறந்து 148 வருடம் கழித்து, தெரேஸாவைப் புனித போனிஃபாஸில் லூட்விக்கின் அருகே வைத்தார்கள். புல்வெளியிலிருந்து அந்தத் தேவாலயம் நடந்து போகிற தூரம்தான்.